ஆண்டு முழுவதும் பொலியும் பூந்தோட்டம்
தண்டலத்து மண்ணுக்கும் ஜலத்துக்கும் ஏற்ற செடிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பூந்தோட்டம் என்பது பெரிய பங்களாக்களுக்கும் நகரத்துப் பூங்காக்களுக்குமே உரியது. நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் ஜலம் போதாத கிராமத்தில் அழகுச் செடிகளுக்கு எங்கே போவது என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை, தோட்டமே வேண்டாம் என்பதன்று. ஜலத்துக்கும் மண்ணுக்கும் பொருந்தாத தோட்டம் வேண்டாம் என்பதேயாகும். கூட்டுறவுச் சங்கக் கட்டடம், பால் அளக்கும் இடம், நியாய விலைக் கடை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் முன் ஜனங்கள் நாள்தோறும் கூடுகிறார்கள். தாய்மார்கள் கைக்குழந்தையுடன் வரிசையில் நிற்கிறார்கள். அவ்விடங்களில் நிழலும், கண்ணுக்குக் குளிர்ச்சியும், தலையில் சூட இரண்டு பூவும் கிடைக்குமாயின் அது வீண் ஆடம்பரம் ஆகாது.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே அமைந்துள்ள தண்டலத்துக்கு இது மிகவும் பொருந்தும். தண்டலை என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குச் சோலை என்பது பொருள். ஊரின் பெயர் அச்சொல்லை நினைவூட்டுகிறது. ஆயினும் இன்று ஊரைச் சுற்றிச் சோலைகள் குறைந்துவிட்டன. 1998-ஆம் வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்தன. தோப்புகளும் மேய்ச்சல் வெளிகளும் சுருங்கிய இடத்தில், சங்கத்துக்கும் பள்ளிக்கும் சொந்தமான ஐந்து பத்து சென்டு நிலமே சில தெருக்களுக்கு எஞ்சியுள்ள பசுமை. ஆகவே அதில் எதை நடுவது என்பது அற்ப விஷயமன்று.

பூத்தொண்டு இப்பகுதிக்குப் புதியதும் அன்று. ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் வருஷம் இராமாநுசர் அவதரித்த தலம் என்று வழங்குவது. அவர் தம் சீடர் அனந்தாழ்வானைத் திருமலைக்கு அனுப்பி நந்தவனம் அமைத்துப் பூமாலைக் கைங்கரியம் செய்வித்தார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. நந்தவனத்தின் நோக்கம், ஒரு நாள் விழாவுக்குப் பூக் காட்டுவதன்று. தினந்தோறும் ஒரு மாலைக்குரிய பூக் கிடைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் பொலியும் தோட்டத்தின் கருத்தும் இதுவே.

கோடையில் தோட்டம் மடிவதற்குக் காரணம்

சாதாரணமாக நடப்பது யாதெனில், திறப்பு விழா ஒன்று வரும். லாரியில் செடிகள் வந்து இறங்கும். கார்த்திகை மழையில் அவை செழிக்கும். தை மாதத்தில் எல்லோரும் புகழ்வர். மாசிக்குப் பின் ஜலம் விடுவார் இல்லை. சித்திரையில் காய்ந்த குச்சிகள் மட்டும் நிற்கும். மறு வருஷம் மீண்டும் பணம் செலவாகும். இதில் செடியின் குற்றமோ ஜனங்களின் சோம்பலோ காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் குற்றம் தேர்விலேயே இருக்கிறது.

தோட்டக்கலைப் புத்தகங்களில் பல குளிர்நாடுகளை நினைத்து எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் தோட்டம் உறங்கும் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. உறைபனியே அங்கே பகை. தண்டலத்தில் தோட்டம் உறங்கும் காலம் ஏப்ரல், மே மாதங்கள்; வெயிலும் வறட்சியுமே இங்கே பகை. ஆகவே அந்நாட்டார் பனிக்காலத்திலும் பார்க்கத்தக்க செடிகளைத் தேடுவதுபோல, நாம் கத்திரி வெயிலிலும் பார்க்கத்தக்க செடிகளை முதலில் தேட வேண்டும். கோடையில் நிற்கும் செடிகளைக் கொண்டு தோட்டத்தைக் கட்டி, மழைக்காலத்துச் செடிகளை அதற்கு மேல் அலங்காரமாகச் சேர்ப்பதே முறை. வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறானது.

உதகமண்டலத்தில் மே மாதப் புஷ்பக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு டேலியா, ஹைட்ரேஞ்சியா முதலிய செடிகளை வாங்கி வருவோர் உளர். உதகை கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அங்கே மே மாதம் இனிய பருவம். இங்கே அதுவே அக்கினி நக்ஷத்திரம். பெங்களூர் லால்பாக்கில் கண்ட செடிகளும் அப்படியே. அது சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அங்கே தழைப்பவை எல்லாம் சமவெளியில் தழைக்கும் என்று கொள்ளலாகாது.

ஜலக் கணக்கு

காஞ்சிபுரம் ஜில்லாவில் வருஷத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலைவேளைகளில் இடிமழை ஓரளவு உண்டு. ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதிலும் ஒழுங்கு நிச்சயமில்லை. 2015-ஆம் வருஷம் டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து அடையாற்றில் பெருவெள்ளம் வந்தது. 2019-ஆம் வருஷம் ஜூனில் அதே ஏரி வறண்டு கிடந்தது. நான்கு வருஷங்களுக்குள் இவ்விரண்டையும் கண்ட ஊரில் நடும் செடி, வேர் மூழ்கினாலும் வேர் காய்ந்தாலும் பிழைக்க வேண்டும்.

புல்தரையைப் பற்றி ஒரு கணக்கைக் கவனிக்க. கோடையில் புல் பச்சையாக இருக்க நாள்தோறும் சுமார் 5 மில்லிமீட்டர் ஜலம் வேண்டும். ஒரு சென்டு என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே சென்டு ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 200 லிட்டர். ஐந்து சென்டுக்கு 1,000 லிட்டர். மாதத்துக்கு 30,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியாயின் இரண்டரை லாரி. குடிநீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் தெருவில் புல்லுக்கு இத்தனை ஜலம் விடுவது தகாது. தொழிற்சாலைகள் தாம் சுத்திகரித்த கழிவு நீரைக் கொண்டு புல்தரை வளர்க்கலாம்; அந்த வசதி இல்லாத சங்கம் அதைப் பார்த்துத் தானும் செய்ய முற்படுவது சரியன்று.

புதர்ச் செடிகளின் கணக்கு வேறு. வேர் பிடித்த ஒரு செம்பருத்திக்கோ நந்தியாவட்டைக்கோ கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம் ஜலம் போதும். மரங்களுக்கு முதல் இரண்டு கோடைகளைக் கடத்திவிட்டால் அதுவும் வேண்டுவதில்லை. மேலும் ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் ஜலம் விழுகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் வழியே வரும் கூரை ஜலத்தை ஒரு தொட்டியில் நிரப்பி, எஞ்சியதைத் தோட்டத்துக் குழியில் இறக்கினால் மண்ணின் ஈரம் தை, மாசி வரை நிற்கும்.

நால்வகைச் செடிகள்

ஆண்டு முழுவதும் தோட்டம் பொலிவதற்கு நான்கு வகைச் செடிகள் கலந்திருக்க வேண்டும். அவையாவன: நிழல் மரங்கள், எப்பொழுதும் பூப்பவை, முறை வைத்துப் பூப்பவை, இலையால் அழகு தருபவை.

முதலாவது, நிழல் மரங்கள். இவையே தோட்டத்தின் எலும்புக்கூடு. மகிழமரம் இலை உதிர்த்து மொட்டையாவதில்லை. சிறு பூக்கள் உதிர்ந்து உலர்ந்த பின்னும் மணம் நீங்குவதில்லை. வளர்ச்சி மெதுவானது, ஆயினும் நிலையானது. பூவரசு விரைவில் வளரும். போத்து நட்டாலே வேர் விடும். அதன் பூ மலரும்போது மஞ்சளாகவும் வாடும்போது செந்நிறமாகவும் இருப்பதால் ஒரே மரத்தில் இரு நிறம் காணலாம். புங்கமரம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து உடனே இளந்தளிர் விடும்; வெயில் உச்சிக்கு வருமுன் நிழல் தயார். சரக்கொன்றை சித்திரை, வைகாசியில் பொற்சரங்களைத் தொங்கவிடும். மற்றவை சோர்ந்திருக்கும் காலத்தில் அது ஒன்றே கண்ணுக்கு விருந்து. பவளமல்லி சிறுமரம்; ஆவணி முதல் கார்த்திகை வரை விடியற்காலையில் தரையெங்கும் பூ உதிர்க்கும். ஐந்து சென்டுக்கு இவற்றில் மூன்று மரங்களே போதும். மிகுதியாக நட்டால் நிழலில் பூச்செடிகள் பூக்கா.

செம்மயிற்கொன்றை என்றும் குல்மொஹர் என்றும் வழங்கும் மரம் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. பூ மிக அழகியது. கிளையோ எளிதில் முறிவது. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இவ்வகை மரங்கள் அவற்றுள் பல. மரமல்லியும் ஐப்பசி இரவுகளில் இனிய மணம் தருவதாயினும் காற்றுக்கு முறியும். இவை வேண்டுமானால் கட்டடத்துக்கும் மின்கம்பிக்கும் தூரத்தே நடுக.

இரண்டாவது, எப்பொழுதும் பூப்பவை. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, மயில்கொன்றை, நித்தியகல்யாணி ஆகியவை இவ்வகை. இவற்றுள் நந்தியாவட்டை அரைநிழலிலும் பூக்கும். ஆகையால் மரத்தடிக்கு ஏற்றது. நித்தியகல்யாணியை ஆடு மேயாது, மணலிலும் வளரும். அதன் இலையிலிருந்து புற்றுநோய்க்குரிய வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. ஆயினும் அதை வீட்டில் கஷாயம் வைத்துக் குடிப்பது ஆபத்து. இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்பு மிகுந்த மண் ஆகாது. புதுச் சுவரை ஒட்டி, சிமெண்டுச் சிதறல் கிடக்கும் இடத்தில் நட்டால், செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இடிபாட்டை நீக்கிச் செம்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நட வேண்டும்.

காகிதப்பூ தனியே கூறத்தக்கது. பிரேசில் நாட்டில் கண்டெடுக்கப்பட்டு, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில் பெயரால் வழங்கும் இச்செடி, தண்டலத்துக் கோடைக்கென்றே படைக்கப்பட்டது போலும். நாம் பூ என்று எண்ணுவது நிறம் மாறிய இலையே. உண்மைப் பூ அதன் நடுவில் வெண்மையாகச் சிறிதாக இருக்கும். ஜலம் மிகுந்தால் வெறும் தழையாக ஓடும். மண் காய்ந்தால் பூக்கும். ஆகவே இதற்குத் தினமும் ஜலம் விடுவது ஜலத்துக்கும் நஷ்டம், பூவுக்கும் நஷ்டம். முள் உள்ளதால் நடைவழி ஓரத்தில் வைக்கலாகாது. வேலி மேல் படர விடுக.

முறை வைத்துப் பூப்பவை

மூன்றாம் வகையில்தான் தோட்டக்காரனின் அறிவு தெரியும். மல்லிகையினத்தை எடுத்துக்கொள்வோம். குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி என்னும் மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கி ஒரே குழியளவில் நடுவோர் உளர். ஆனால் கவாத்துக் காலம் மூன்றுக்கும் வேறு. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். மார்ச் முதல் பூக்கும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். பூப்பது புதிய கொழுந்துகளிலேயாதலால், வெட்டும் நாள் தள்ளினால் பூக்கும் நாளும் தள்ளும். குண்டுமல்லி ஓயும்போது முல்லையும் ஜாதிமல்லியும் தொடர்ந்து, பங்குனி முதல் ஐப்பசி வரை ஏதேனும் ஒன்று மணம் வீசும். வெட்ட மனமில்லாமல் விட்ட கொடி படர்ந்து தழைக்கும், பூ அரிதாகும்.

ஐப்பசிக்குப் பின் மார்கழி வரை உள்ள இடைவெளியை டிசம்பர் பூவும் சாமந்தியும் நிரப்பும். டிசம்பர் பூவுக்கு மணமில்லை. ஆனால் ஊதா, வெள்ளை நிறங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை செறிந்து பூக்கும். ஜலமும் அதிகம் கேட்பதில்லை. சாமந்தியை ஆனி, ஆடியில் பக்கக் கன்றுகளாக நட்டு, நான்கு வாரத்தில் நுனி கிள்ளிவிட்டால் கிளைத்து நிறையப் பூக்கும்.

சாமந்தியைப் பற்றி இப்பகுதியார் அறியவேண்டிய ஒன்றுண்டு. செடிகள் பகல், இரவு நீளத்தை அறிந்து பூக்கின்றன என்பதை 1920-ஆம் வருஷம் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டனர். சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். சென்னை அட்சரேகையில் பகல் ஜூனில் சுமார் 12 மணி 55 நிமிஷமும் டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிஷமும் ஆகும். இரவு நீளும்போது சாமந்தி பூக்க வேண்டும். தெருவிளக்கோ, தொழிற்சாலை மதிற்சுவரின் பெருவிளக்கோ இரவெல்லாம் மேலே எரியுமானால் அச்செடிக்கு இரவே இல்லை. தழை செழிக்கும், பூ தாமதிக்கும். ஆகவே சாமந்திப் பாத்தியை இருள் சேரும் மூலையில் அமைக்க வேண்டும். விளக்கடியில் செம்பருத்தி, நந்தியாவட்டை முதலியவற்றை வைக்கலாம்.

கனகாம்பரம் கனமழைக் காலம் நீங்கலாக ஏனைய மாதங்களில் பூக்கும். டெல்லிக் கனகாம்பரம் என்னும் வகை விதை வைப்பதில்லை. தண்டுக் குச்சியாலேயே பெருக்க வேண்டும். நூற்புழு அதற்குப் பெரும்பகை. பக்கத்தில் துலுக்கச் சாமந்தி என்னும் செண்டுமல்லி வரிசை நட்டால், அதன் வேரில் ஊறும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும், பூவும் கிடைக்கும். செண்டுமல்லியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்து வந்தால் பாத்தி ஒருபோதும் வெறுமையாகாது.

நான்காவது, இலையழகு. பூ ஓய்ந்த நாளிலும் கண்ணுக்கு நிறம் வேண்டும். குரோட்டன் செடிகள் மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு இலைகளுடன் ஆண்டு முழுவதும் நிற்கும். வெளிச்சம் குறைந்தால் நிறம் மங்கும். மருதாணி வேலிக்குச் சிறந்தது. வறட்சி தாங்கும், பூ மணக்கும், இலை கைக்கு உதவும். கற்றாழையும் மருளும் ஜலம் காணாத மூலைகளுக்கு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சமையலுக்கு மட்டுமன்று. வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும் இடமும் அவையே.

மாதவாரிப் பார்வை

இவ்வாறு தேர்ந்து நட்ட தோட்டத்தில், சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை, காகிதப்பூ, குண்டுமல்லி. ஆனி, ஆடியில் முல்லை, மயில்கொன்றை, கனகாம்பரம். ஆவணி, புரட்டாசியில் பவளமல்லி, ஜாதிமல்லி, ஆடியில் விதைத்த வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். ஐப்பசி, கார்த்திகையில் டிசம்பர் பூ, நித்தியகல்யாணி, மழையில் கழுவிய இலை வண்ணங்கள். மார்கழி, தையில் சாமந்தி, செண்டுமல்லி. மாசி, பங்குனியில் புங்கந்தளிர், காகிதப்பூ, குண்டுமல்லியின் முதல் மொட்டு என ஒவ்வொரு மாதமும் பார்க்க ஏதேனும் இருக்கும். எல்லாம் ஒருங்கே பூப்பதற்கு ஆசைப்படலாகாது. மாதத்துக்கு மூன்று வகை பொலிந்தால் தோட்டம் நிறைவுடையதே.

விலக்க வேண்டியவை

அரளி வறட்சி தாங்குவது. ஆடு மாடு மேயாதது. அதனால் பெருஞ்சாலைகளின் நடுத்திட்டில் அதை நடுகிறார்கள். அவ்விடத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதன் இலை, பூ, பட்டை யாவும் விஷம். பால் சங்கத்தின் முன் மாடுகள் கட்டப்படும். வெட்டிப்போட்ட அரளித் தழை தீவனத்தோடு கலந்துவிட்டால் மாடு இறக்கும். கடன் வாங்கி மாடு பிடித்த அங்கத்தினருக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மஞ்சள் அரளியின் கொட்டை குழந்தைகளுக்கு எமன். ஆகவே பால் சங்கம், பள்ளி, அங்கன்வாடி ஆகிய மூன்றிடத்திலும் இவ்விரண்டையும் நடவே கூடாது. முன்பே இருந்தால் வேருடன் எடுத்துப் புதைக்க வேண்டும். எரித்தால் புகையும் கெடுதி.

உன்னிச்செடியும் ஆகாது. அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அது இன்று காடுகளையே மூடியுள்ளது. ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் வழங்கும் நீர்ச்செடியும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்ததே. ஏரிகளில் அது செய்துள்ள கேட்டை ஏரிப்பாசனத்தார் அறிவர். தொட்டியில் வளர்த்தாலும் அதைக் கால்வாயில் எறிதல் கூடாது.

நடும் முறை

மரத்துக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி. மல்லிகைக்கும் புதர்ச் செடிக்கும் ஓரடிக் குழி. குண்டுமல்லிக்கு நாலடி இடைவெளி வேண்டும். குழியை இரு வாரம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். மரங்களை நடுவதற்குப் புரட்டாசி, ஐப்பசியே தக்க காலம். மழைக்காலம் முழுவதும் வேர் ஓடி, கோடைக்குள் ஆழத்தை எட்டிவிடும். வெள்ளம் தேங்கும் இடமாயின் ஓரடி உயர்த்திய மேட்டில் நடுக.

கோதாவரிக் கரையிலுள்ள கடியம் முதலிய இடங்களிலிருந்து லாரியில் வரும் செடிகள் நிழல்வலையின் கீழ் வளர்ந்தவை. அவற்றை வந்த அன்றே வெயிலில் நடாமல், பத்துப் பதினைந்து நாள் மரநிழலில் வைத்துப் பழக்க வேண்டும். பூத்துக் குலுங்கும் செடியைவிட, கிளைகள் திடமாயும் வேர் சட்டிக்குள் சுருண்டு கொள்ளாமலும் உள்ள செடியே வாங்கத்தக்கது.

நட்ட ஒவ்வொரு மரக்கன்றின் அருகிலும், மெருகிடாத சிறு மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, ஜலம் நிரப்பி மூடி வைத்தால், ஜலம் கசிந்து வேருக்கு மட்டும் செல்லும், வெயிலில் ஆவியாவதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். செடியைச் சுற்றி மூன்று அங்குலம் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்புக. சருகைக் கூட்டி எரிப்பது, மண்ணுக்குச் சேரவேண்டிய உரத்தைக் கொளுத்துவதாகும்.

சங்கம் செய்யத்தக்கது

1904-ஆம் வருஷம், பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திருவள்ளூருக்கு அருகில், திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவில் இவ்வியக்கத்தின் முதல் சங்கங்களுள் அது முன்னிற்பது. தனித்தனியே முடியாததை ஒன்றுகூடிச் செய்வது என்னும் அக்கொள்கை தோட்டத்துக்கும் பொருந்தும்.

முதலாவதாக, செடிகளை விலைக்கு வாங்குவதைக் குறைக்கலாம். பூவரசு, செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, காகிதப்பூ, மல்லிகை யாவும் குச்சியாலோ பதியத்தாலோ பெருகுபவை. ஊரில் நன்கு பூக்கும் செடியே ஊர் மண்ணுக்கு ஏற்றது என்பதற்குச் சான்று வேறு வேண்டா. ஆனி மாதத்தில் அங்கத்தினர் வீட்டுக்கு இரண்டு குச்சி கொணர்ந்தால் சங்கத்துக்கு நாற்றங்கால் தயார்; புரட்டாசியில் எஞ்சிய கன்றுகளை அவர்களே வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். குரோட்டன் போன்ற சிலவற்றை மட்டும் வாங்கினால் போதும்.

இரண்டாவதாக, நடுவதற்கு முன்பே கோடை ஜலத்துக்கு ஏற்பாடு செய்து, அதை நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மாசி முதல் வைகாசி வரை எந்த வாரம் யார் ஜலம் விடுவது என்ற முறைப்பட்டியல் இல்லாமல் ஒரு செடியும் நடலாகாது. பட்டியலில் பத்துப் பெயர் சேர்ந்தால் பத்துச் செடிக்கு மேல் வேண்டாம். இருபது பேர் சேர்ந்தால் இருபது. செடியின் எண்ணிக்கையை நிலத்தின் பரப்பைக் கொண்டன்று, கைகளின் எண்ணிக்கையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவதாக, பூப் பறிப்பதற்கு ஒழுங்கு வேண்டும். பொதுத் தோட்டங்கள் பல, ஜலமின்மையால் அன்று, பூவுக்காக எழும் பூசலால் கைவிடப்படுகின்றன. காலையில் பூசைக்கு இவ்வளவு, ஜலம் விட்ட வீட்டாருக்கு இவ்வளவு, செடியில் நிற்க இவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்தால் மனத்தாங்கல் வராது. ஜலம் விடும் குழந்தைக்கு ஒரு முழம் பூவுக்கு உரிமை உண்டு என்றால், அக்குழந்தை செடியைக் காக்கும். வேலிக்குச் செலவும் குறையும்.

முதல் வருஷத்திலேயே ஐந்து சென்டும் நிரம்ப வேண்டுவதில்லை. ஒரு மகிழம், ஒரு புங்கம், ஒரு சரக்கொன்றை, நான்கு நந்தியாவட்டை, மூன்று வகை மல்லிகையில் இரண்டிரண்டு கொடி, வேலியோரம் ஒரு காகிதப்பூ என்ற அளவில் தொடங்குக. வரும் வைகாசியில் அவற்றில் எவை நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்து, நின்றவற்றையே பெருக்குக. மடிந்தவற்றை மீண்டும் வாங்க வேண்டாம். மூன்று கோடை கழிந்தால் புங்கநிழல் நியாய விலைக் கடை வரிசையை எட்டும்.